இறந்தவர்களின் படங்கள் சேகரித்த மாதம்

படக்காரர் இறந்து ஓராண்டு ஆனபோது, அவருக்காக எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைப்பதென்று சித்திர மாஸ்டர் முடிவு செய்தார். எனக்கு அப்போது பதினாறு வயது. றொசல்லையில் காலை ரயிலேறி அட்டனில் இறங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் படிக்கப் போன பெண் நான் ஒருத்திதான்.

படக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. சின்ன வயதில் ஏதோ ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், பெட்டிகளின் மேல் மையால் பெயர் எழுதும் வேலையில் இருந்தவர். பிறகு கோயில் சுவர்களுக்கு வந்தார். மாரியம்மனுக்கு அவர் வைத்த கண்ணைப் பார்த்துத்தான் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் கண் வைத்தார்கள். கடைவீதிப் பலகைகளில் அவர் எழுத்துக்கு இழுத்த சுழியை இளம் பெயின்டர்கள் அப்படியே இழுத்தார்கள். நாடகத்துக்கு அரண்மனை, காடு, தெரு என்று மூன்று திரைகள் எழுதி வைத்திருந்தார். அவற்றைத் தோட்டம் தோட்டமாக இரவல் வாங்கிப் போவார்கள்.

மாஸ்டர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். கோயில் சித்திரங்களைப் பார்த்து வரைய நாலு பேர். பலகைகளைக் கேட்டு வாங்க இரண்டு பேர். எனக்கும் என் பக்கத்து இருக்கைக்காரிக்கும் செத்தவர்கள் படம் வந்தது. அவள் அட்டன் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள், என் தோழி.

"உங்க வீட்டுலயும் ஒன்னு இருக்காமே?" என்று மாஸ்டர் என்னிடம் கேட்டார்.

"ஆமா சார். எங்க அம்மா படம்."

"அப்ப ஒனக்குத்தான் அது நல்லா வரும்."

அந்தக் காலத்தில் டவுனில் போட்டோக் கடை இருந்தாலும் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருந்தவர்கள் அங்கே போனதில்லை. ஒருவர் இறந்த பிறகுதான் முகம் ஒன்று கைவசம் இல்லையே என்று நினைவு வரும். அப்போது படக்காரருக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் வந்து காம்பரா என்கிற அந்த ஒற்றை அறையில் பலகையைப் போட்டு உட்கார்ந்து கேட்பார். மூக்கு யார் மாதிரி? தம்பி மாதிரி. தம்பியைக் கூப்பிட்டு முன்னால் நிற்க வைப்பார். நெற்றி? சித்தப்பா மகள் மாதிரி. அவளும் வந்து நிற்பாள். இப்படிப் பத்து உயிருள்ள முகங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இல்லாத ஒரு முகத்தைக் கரிக்கோலால் எழுதுவார். கன்னத்தில் மட்டும் இலேசாகச் சிவப்பு. எட்டாம் நாள் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். பார்த்தவுடன் வீடே அழும். அப்படியே இருக்கு என்பார்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம் என் அம்மா இறந்தாள். எனக்கு இரண்டு வயது. அவளைப் பற்றி எனக்கு ஒரு ஞாபகமும் கிடையாது. அவள் கல்யாணமாகிக் கடல் தாண்டி வந்தவள். இந்தப் பக்கத்தில் சொந்தம் யாரும் இல்லை. எனக்கு இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். பள்ளிக்கூடம் போகும்போது அதனிடம் சொல்லிவிட்டுப் போவேன். காய்ச்சல் வந்தால் அதன் பக்கமாகத் தலை வைத்துப் படுப்பேன். முதல் தடவை பாவாடையில் இரத்தம் பட்ட அன்று, அப்பாவிடம் சொல்ல முடியாமல் அதனிடம்தான் சொன்னேன். இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத சிறு கோடு ஒன்று உண்டு. பேசும்போது நான் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.

படம் சேகரிப்பது நாங்கள் நினைத்ததுபோல் இலகுவாக இல்லை. சனி ஞாயிறுகளில் லயம் லயமாகப் போனோம். கேட்டதும் வீட்டுக்காரர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், அதனிடம் சம்மதம் கேட்பதுபோல. கழற்றிய இடத்தில், புகை படிந்த கறுத்த சுவரில், ஒரு வெள்ளைச் சதுரம் தெரியும். அதைப் பார்த்ததும் சிலர் மனம் மாறி மறுபடி மாட்டிவிட்டார்கள். கொடுத்தவர்களும் சும்மா கொடுக்கவில்லை.

"கவுத்து வச்சுராதீங்கம்மா. அவருக்கு மூச்சு முட்டுற வியாதி."

"வெள்ளிக்கெழமைக்குள்ள கொண்டாந்துருவீங்கல்ல? வெள்ளிக்கெழம அவ வீட்டுல இல்லாம இருக்க முடியாது."

நாங்கள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, படங்களைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வருவோம். ரயிலில் மடியில் வைத்தால் எதிரில் இருப்பவர் யாரென்று கேட்பார். யாரென்று எங்களுக்கே தெரியாது. மழைநாட்களில் ஜன்னல் கண்ணாடியில் என் முகமும் மடியிலிருக்கும் முகமும் சேர்ந்து தெரியும். நான் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

மூன்றாவது வாரம் தோழி தன் வீட்டுப் படத்தையே தருவதாகச் சொல்லிக் கூட்டிப் போனாள். கடைக்குப் பின்னால் இருந்தது வீடு. உள்ளறைச் சுவரில் இருபது வயதுப் பெண் ஒருத்தியின் படம், மல்லிகைச் சரம் போட்டு.

"இது எங்க அத்தை. ஊருல செத்துப்போனாங்க. அப்பா இங்க வரும்போது அவங்களுக்கு ஏழு வயசாம். பெரியவளானத அப்பா பார்க்கவே இல்ல" என்றாள்.

சுவரில் இருந்தது என் அம்மா. அம்மாவை விட எட்டு வயது குறைந்த என் அம்மா. அதே கீழ் உதடு, அதே காது. இடது புருவத்தில் அதே கோடு. அறையில் சாம்பிராணி வாடை. தோழி எங்கள் வீட்டுப் படத்தை அதுவரை பார்த்ததில்லை.

"என்னா, ஒரு மாதிரி நிக்கிற?"

"ஒன்னும் இல்ல. கழட்டு, போவோம்" என்றேன்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மா படத்தின் முன்னால் நின்றேன். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாய் வரவில்லை. முதன்முறையாக அந்தக் கண்கள் என்னைத் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தன.

வாழ்க்கைக் குறிப்பு எழுதப் படக்காரரின் மனைவியைப் பார்க்க வேண்டியிருந்தது. கடைவீதிக்கு மேலே ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அறுபதைத் தாண்டியவர். எங்களைப் பாயில் உட்கார வைத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். எந்த ஊர், எந்த வயதில் வந்தார், சாயத்தை எங்கே வாங்குவார் என்று தோழி கேட்டு எழுதிக்கொண்டாள். நான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி படங்களுக்குக் கீழே, கண்ணாடியில்லாமல், ஐந்து வயதுக் குழந்தை ஒன்றின் முகம் ஒட்டியிருந்தது. இடது புருவத்தில் கோடு.

"அது யாருங்கம்மா?"

"எங்க புள்ள. ஒன்னே ஒன்னு. அஞ்சு வயசுல காச்சல்ல போயிருச்சு." குரலில் மாற்றம் இல்லை. "அதுக்கு மொத வருசம் தண்ணி புடிக்கிற பீலிக்கரையில வழுக்கி விழுந்து புருவம் கிழிஞ்சிருச்சு. அந்தத் தழும்புதான்."

தோழி எழுதுவதை நிறுத்தினாள். நான் மெதுவாகக் கேட்டேன்.

"அய்யா வேற எங்கயாவது இந்த மொகத்த எழுதியிருக்காரா?"

அவர் என்னை நன்றாக நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க வீட்டுல இருக்கா?"

"எங்க அம்மா படம்" என்றேன்.

"மூணு வீட்டுக்குக் குடுத்தாரு. எல்லா வீட்டுக்கும் அப்படிச் செய்ய மாட்டாரு. சாயல் சொல்ல ஆளே இல்லாத வீடா இருந்தா இங்க வந்து பேசாம ஒக்காந்துருப்பாரு. அப்புறம் எதையும் பாக்காம எழுத ஆரம்பிப்பாரு. இது நம்ம புள்ளதானேன்னு கேப்பேன். ஆமா, இருந்தா இப்ப இம்புட்டு இருப்பாள்லன்னு சொல்லுவாரு. மொத தடவ பன்னண்டு வயசு. அப்புறம் இருவது. கடைசியா எழுதுனப்ப இருவத்தெட்டு. அது ஒங்க வீடாத்தான் இருக்கும்."

"நீங்க போயி அந்தப் படங்களப் பாக்கலையா?"

"போயி என்னான்னு கேக்குறது? எம்மவளக் காட்டுங்கன்னா?" என்றார்.

வெளியே வந்ததும் தோழி என் கையைப் பிடித்தாள். இருபது வயது, புருவத்துக் கோடு என்றதுமே அவளுக்குத் தன் அத்தை படம் புரிந்துவிட்டது. "எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிராத. தெனமும் கடையத் தெறக்குறதுக்கு முந்தி அந்தப் படத்தத்தான் கும்பிடுவாரு." நான் சொல்வதில்லை என்றேன்.

நான் பதினாலு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தது பிறந்து ஐந்து வயதில் செத்துப்போன ஒரு குழந்தையிடம். அதுகூட இல்லை. இருபத்தெட்டு வயது வரைக்கும் வாழவே வாழாத ஒருத்தியிடம். அவள் எனக்கு யார்? என் அம்மா பிறகு எங்கே?

அன்று மாலை அப்பா ஸ்டோரிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அப்பா, அம்மாவுக்குப் புருவத்துல அந்தக் கோடு எப்படி வந்துச்சு?"

"சின்ன வயசுல கல்லுல விழுந்துட்டாளாம்."

"அம்மாவே சொன்னாங்களா?"

துண்டால் முகத்தைத் துடைத்தவர் அதை எடுக்காமலே பேசினார். "சொன்ன மாதிரிதான் இருக்கு" என்றார்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்த பிறகும் அவர் புறப்படவில்லை. வாசலில் நின்று, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "நேத்திலேருந்து யோசிச்சுப் பாக்குறேன். அந்தப் படம் வர்றதுக்கு முந்தி அவ எப்படி இருந்தான்னு வரவே மாட்டேங்குது. கை ஞாபகம் இருக்கு. கொழுந்து கறை புடிச்ச வெரலு. மொகம்னு நெனச்சா படந்தான் வந்து நிக்கிது. என்னா மனுசன் நான்."

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் பின்னேரம் மண்டபத்தில் நாங்கள் இரண்டு பேரும் படங்களை மாட்டினோம். நாற்பதுக்கு மேல் இருந்தன. வெளியே மூட்டம் இறங்கி ஜன்னல்கள் வெள்ளையாகிவிட்டன. ஆணி அடிக்கும் சத்தம் நின்றால் மண்டபத்தில் வேறு சத்தமே இல்லை. கடைசிப் படத்தை மாட்டிவிட்டுத் திரும்பியபோது தோழி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க. போயிருவோம்" என்றாள்.

அவளுடைய அத்தையை வலப்பக்கச் சுவரின் கோடியிலும் என் அம்மாவை இடப்பக்கச் சுவரின் கோடியிலும் மாட்டியிருந்தோம். இரண்டையும் ஒரே பார்வையில் யாரும் பார்க்க முடியாது. வாழ்க்கைக் குறிப்பில் மகளைப் பற்றி நான் எழுதிய பக்கத்தைத் தோழி கேட்டு வாங்கிக் கிழித்தாள். நானும் விட்டுவிட்டேன்.

மாஸ்டர் எதிர்பார்த்தது வேறு. கோயில் சித்திரங்களுக்கும் நாடகத் திரைக்கும் முன்னால் கூட்டம் நிற்கும் என்று நினைத்து அங்கேதான் கயிறு கட்டியிருந்தார். வந்தவர்கள் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக உள் மண்டபத்துக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை. தோட்டங்களிலிருந்து பெண்கள் வெளுத்த சேலை கட்டி, கையில் பூவோடு வந்தார்கள். தங்கள் வீட்டுப் படத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதன் முன்னால் நின்றார்கள். பிறகு பக்கத்தில் இருக்கும் முகத்தையும் விசாரித்தார்கள். யாரோ கண்ணாடிகளில் வரிசையாகத் திருநீறு பூசிக்கொண்டு போனார்கள். ஒருத்தி பிஸ்கட் பொட்டலம் ஒன்றைப் படத்தின் கீழே வைத்துவிட்டு, நாங்கள் பார்த்ததைக் கண்டு வெட்கப்பட்டாள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. நாங்கள் எழுதி ஒட்டிய குறிப்புகளை ஒருவரும் படிக்கவில்லை. மாஸ்டர் வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வயதான பெண் துண்டில் சுற்றிய படமொன்றோடு என்னிடம் வந்தார். லிந்துலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.

"எங்க வீட்டுக்கு யாரும் கேட்டு வரலம்மா. இதுவும் அவரு எழுதுனதுதான். எம்மவ. இதுக்கும் ஒரு ஆணி அடிப்பீங்களா?"

பிரிப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வயது. இரட்டைச் சடை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஆணி எங்கே என்று தேடுவதுபோல் நின்றேன். அதற்குள் அவர் சுவரோரமாக நடந்து, இடப்பக்கக் கோடி வரைக்கும் போய்விட்டார்.

அங்கே அப்படியே நின்றார். நான் பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"இது யாரு?"

"எங்க அம்மா."

"ஒங்க அம்மா" என்றார். "எம்மவ இருந்திருந்தா, கல்யாணங்கட்டி, ஒரு புள்ளயும் பெத்திருந்தா, இந்தா இப்படித்தான் இருந்திருப்பா. இப்படியேதான்." பிறகு திரும்பி, இரண்டு கைகளாலும் என் முகத்தைப் பிடித்தார். கைகள் குளிர்ந்து, சொரசொரப்பாக இருந்தன. என் நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று தெரிந்தது. அது என்னிடம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கையை எடுக்கவில்லை. நானும் விலகவில்லை.

கண்காட்சி முடிந்து படங்களைத் திருப்பிக் கொடுத்தோம். லிந்துலையிலிருந்து வந்த அந்த வயதான பெண் அதோடு போய்விடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, வாழைப்பழமோ ரொட்டியோ வாங்கிக்கொண்டு, லிந்துலையிலிருந்து எங்கள் லயத்துக்கு வந்தார். அப்பாவுக்கு ஆச்சரியமாக இருந்தாலும் வாங்க என்றார். வந்து அம்மா படத்துக்கு எதிரில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். மகள் இறந்தபோது மூன்று மாதம் தனக்குப் பேச்சே வரவில்லை, படக்காரர் கேட்டதற்கு எதுவும் சொல்ல முடியவில்லை, ஆனால் அவர் சரியாக எழுதிக்கொண்டு வந்துவிட்டார் என்பார். "புருவத்துல மட்டும் ஒரு கோடு போட்டுட்டாரு. எம்மவளுக்கு அது இல்ல. ஏன்னு கேட்டதுக்கு, கண்ணு படாம இருக்கட்டும்னாரு." அப்பா அதைக் கேட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார்.

மூன்றாவது தடவை வந்தபோது அவர் சொன்னார்: "என்னிய அம்மாயின்னு கூப்புடு புள்ள."

அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள். எனக்குத் தாங்கவில்லை. அப்பா வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தோழியின் பெயரையும் வீட்டையும் மட்டும் விட்டுவிட்டேன். சொல்லி முடித்ததும், ஏன் சொன்னோம் என்று பயமாக இருந்தது. அவர் தேத்தண்ணியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வீட்டுல ஒரே மொகம் எப்படி இருக்கும்னு நானும் யோசிச்சேன்" என்றார் கடைசியில். "அந்தப் புள்ளயோட ஆத்தா இருக்காளா?"

"இருக்காங்க. அட்டன்ல."

"என்னியக் கூட்டிட்டுப் போ."

அடுத்த ஞாயிறு போனோம். அவர் தன் வீட்டுப் படத்தையும் கொண்டுவந்திருந்தார். ரயிலில் அதை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். சண்டை வரும், அழுகை வரும், படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

படக்காரரின் மனைவி கதவைத் திறந்ததும் நான் யாரென்று சொல்லத் தொடங்கினேன். லிந்துலை அம்மா என்னை விலக்கிவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார். துண்டைப் பிரித்துப் படத்தை நிமிர்த்தி வைத்தார். படக்காரரின் மனைவி நின்றபடியே அதைப் பார்த்தார். அவர் கணவர் எழுதும்போது பார்த்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் மறுபடி பார்க்கிறார். மெதுவாகக் குனிந்து கண்ணாடிக்கு மேல் அந்தப் புருவத்தைத் தொட்டார்.

"ஒம்மவ எங்க வீட்டுல முப்பது வருசமா இருக்கா" என்றார் லிந்துலை அம்மா. "ஒரு கொறையும் இல்லாமத்தான் வச்சிருந்தேன். தீவாளிக்குப் புதுத்துணி வைக்காம இருந்ததில்ல. கோழி அடிச்சா மொத கறி அவளுக்குத்தான். அவ தனியா இருக்கக்கூடாதுன்னு நான் ராத்தங்கி எங்கயும் போனதில்ல."

படக்காரரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அழவில்லை. பிறகு கேட்டார்.

"என்னா பேரு சொல்லிக் கூப்புட்டீங்க?"

லிந்துலை அம்மா தன் மகளின் பெயரைச் சொன்னார். அவர் அந்தப் பெயரை உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பழக்கமில்லாத பெயர், நாக்குத் தடுமாறியது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ?"

"அம்மான்னு" என்றேன்.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். லிந்துலை அம்மா அவர் முதுகில் கை வைத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வராமல், நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.